கிராமத்தோடு சேர்ந்து ஆராய்வது: மட்டக்களப்பில் களப்பணியாளரைப் பயிற்றுவிப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் எந்தக் கிராமத்துக்குப் போய் "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டாலும் பதில் உடனே வந்துவிடும். வாகனக் கதவில் ஒட்டியிருக்கும் இலச்சினையைப் பார்த்து, இவர்களிடம் கிணறு கேட்கலாமா, கோழிக்கூடு கேட்கலாமா, தையல் இயந்திரம் கேட்கலாமா என்று கணக்குப் போடச் சனம் பழகிவிட்டது. 2004 சுனாமி, 2007ஐ ஒட்டிய மீள்குடியேற்றம், 2011 வெள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் வந்த படிவங்கள் பழக்கிய பழக்கம் அது. இதில் சனத்தின் பிழை ஒன்றும் இல்லை. கேட்ட விதத்துக்கு ஏற்ற பதில் கிடைத்திருக்கிறது.

பிரதேச செயலகத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், சமுர்த்தி உத்தியோகத்தர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள், மாதர் சங்கங்களோடு வேலை செய்யும் இணைப்பாளர்கள் ஆகியோருக்குப் பங்குபற்றல் முறை ஆய்வைச் சொல்லிக்கொடுக்கும் வளவாளருக்காக இதை எழுதுகிறேன். நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: பயிற்சியின் பெரும்பகுதி கிராமத்தில் நடக்க வேண்டும், கிராமம் கண்டுபிடித்தது கிராமத்திலேயே தங்க வேண்டும். வரைபடம் கீறத் தெரிந்த ஆட்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். வெண்கட்டியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. பயிற்சி அதற்குத்தான்.

முறையின் வரலாற்றைப் பயிலுநருக்குப் பத்து நிமிடத்தில் சொன்னால் போதும். நீண்ட வினாக்கொத்து ஆய்வுகள் மெதுவாகவும் செலவாகவும் இருந்ததால் 1970களின் இறுதியில் விரைவான கிராமிய மதிப்பீடு என்ற முறை வந்தது. அதிலும் தகவலை எடுத்துப் போனவர் வெளியாள்தான். 1980களின் இறுதியில், குறிப்பாக இந்தியாவிலும் கென்யாவிலும் நடந்த களவேலைகளிலிருந்து, கிராமத்தவரே வரைந்து, எண்ணி, பகுத்துப் பார்க்கும் பி.ஆர்.ஏ. (பங்குபற்றல் கிராமிய மதிப்பீடு) முறை உருவானது. இதைப் பரவலாக்கியதில் இங்கிலாந்தின் சசெக்ஸ் அபிவிருத்திக் கற்கைகள் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ் முக்கியமானவர்.

அவர் 1983இல் எழுதிய ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லிக்கொடுங்கள். வெளியாட்கள் தார் வீதியோரக் கிராமத்தையே பார்க்கிறார்கள், திட்டம் நடக்கும் இடத்துக்கே போகிறார்கள், ஆண்களோடும் வசதியானவர்களோடும் பேசுகிறார்கள், மழையில்லாத காலத்தில் வருகிறார்கள் என்றார். இதை மட்டக்களப்பின் மேல் வைத்துப் பாருங்கள். கல்முனை வீதியோரமாக, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் எத்தனை கூட்டங்கள் நடக்கின்றன, வாவிக்கு அப்பால் படுவான்கரையின் உட்கிராமங்களில் எத்தனை நடக்கின்றன? மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரை அந்த இடத்தால் நேராகக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக ஓடம் ஏற வேண்டியிருந்தது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஓடத்தில் போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கார்த்திகை, மார்கழியில் வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும்போது யார் ஆய்வுக்குப் போகிறார்கள்? சனம் கடினப்படும் மாதங்களும் நாம் போகாத மாதங்களும் ஒன்றாகவே இருக்கின்றன. பயிலுநரைத் தாங்கள் கடந்த வருடம் போன கிராமங்களையும் போன மாதங்களையும் ஒரு பெரிய டிமைத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

படி 1: யாரை எடுப்பது

ஒரு பயிற்சிக்கு 16 பேர் நல்ல அளவு. நான்கு பேராக நான்கு குழு பிரிக்கலாம், நான்கு குழுவையும் இரண்டு வளவாளர்கள் கவனிக்கலாம். 30 பேரை எடுத்தால் அது கூட்டமாகிவிடும்.

பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி போன்ற முஸ்லிம் ஊர்களில் பெண்கள் குழுவைப் பெண் களப்பணியாளர் இல்லாமல் நடத்த முடியாது. தமிழ்க் கிராமங்களிலும் கடன், குடிப்பழக்கம், கழிப்பறை போன்ற பேச்சுகள் ஆண் பயிலுநருக்கு முன்னால் திறக்காது. சிங்களக் கிராமங்களை ஒட்டிய எல்லைப்புறத்தில் வேலை இருந்தால் சிங்களம் நன்றாகப் பேசும் ஒருவர் குழுவுக்குள்ளேயே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், பலர் இதைச் செய்வதில்லை: களப்பயிற்சி நடக்கும் கிராமத்திலிருந்து மூன்று பேரை முழுப் பயிலுநராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியாகவோ தேநீர் ஒழுங்கு செய்பவராகவோ அல்ல. அதே நாற்காலி, அதே குறிப்பேடு, அதே சான்றிதழ். வெளியாட்கள் போன பிறகு கிராமத்தில் அந்தத் திறமை மிஞ்சுவது இவர்களிடம்தான்.

படி 2: கிராமத்தையும் காலத்தையும் தெரிவு செய்தல்

ஏற்கெனவே ஐந்து நிறுவனங்கள் வேலை செய்த கிராமத்தைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். இலகுவாக இருக்கும், ஆனால் அங்கே கிடைப்பது பழகிப்போன பதில். ஒரு பயிற்சியின் சுமையை முதல்முறையாகத் தாங்கும் கிராமத்துக்குத் திரும்பக் கொடுக்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆகவே பயிற்சிக்குப் பிறகும் அங்கே வேலை தொடரப்போகும் கிராமத்தையே எடுங்கள். பயிற்சிக்காக மட்டும் ஒரு கிராமத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிப் போவது நியாயமில்லை.

பெரும்போக விதைப்பு ஐப்பசிப் பக்கம், அறுவடை மாசி, பங்குனி. அந்த நாட்களில் வயற்கிராமத்தில் ஆள் கிடையாது. சித்திரை வருடப்பிறப்பும் வேண்டாம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் பின்னேரம் முழுவதும் சனம் கோவிலில்தான் இருக்கும். முஸ்லிம் கிராமம் என்றால் நோன்பு மாதத்தையும் வெள்ளி நண்பகலையும் தவிருங்கள். வாவி மீனவர் பலர் இரவில் வலை போட்டு விடியற்காலை மீனை விற்றுவிட்டுப் பகலில் நித்திரை கொள்வார்கள். அவர்களைக் காலை பத்து மணிக்குக் கூட்டம் கூப்பிட்டால், தொழிலுக்குப் போகாதவர்கள் மட்டுமே வருவார்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகுதான் கொஞ்சம் மூச்சு விடலாம். அலுவலக நேரத்துக்குக் கிராமத்தை வளைக்காமல், கிராமத்தின் நேரத்துக்குப் பயிற்சியை வளையுங்கள். இதற்காகப் பயிலுநர் சனிக்கிழமை வேலை செய்ய வேண்டி வந்தால் முன்கூட்டியே அவர்களின் நிறுவனத்தோடு பேசி லீவு ஒழுங்கு செய்யுங்கள்.

அனுமதி விஷயத்தில் குறுக்குவழி கிடையாது. பிரதேச செயலாளருக்குக் கடிதம், கிராம உத்தியோகத்தருக்கு நேரில் அறிவித்தல், பிறகு கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம் அல்லது கமக்காரர் அமைப்பு. ஆனால் அமர்வு நடக்கும்போது ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) உட்கார்ந்திருந்தால் பேச்சு மாறிவிடும். அவர் நல்லவராக இருந்தாலும் மாறும், ஏனென்றால் நாளைக்கு வதிவிடச் சான்றிதழ் கேட்டு அவரிடம்தான் போக வேண்டும். "சேர், தொடக்கத்தில வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க, கடைசி நாள் சனம் தங்கட வரைபடத்தைக் காட்டும்போது கட்டாயம் வாங்க" என்று மரியாதையாகச் சொல்லப் பயிலுநருக்குப் பழக்குங்கள். இதை நடித்துப் பார்க்கவே அரை மணி நேரம் ஒதுக்கலாம். அந்த அரை மணி வீண் போகாது.

இடத்தெரிவையும் சாதாரணமாக எடுக்க வேண்டாம். கோவில் மண்டபம் வசதிதான். ஆனால் கிறிஸ்தவக் குடும்பங்கள் வராமல் இருக்கலாம், தீட்டு என்று பெண்கள் நின்றுவிடலாம், குடி (தாய்வழிக் குலம்), சாதி என்ற பழைய வரிசைகள் அங்கே உட்காரும் இடத்திலேயே தெரியும். பெரிய வயற்காரரான போடியார் வீட்டு முற்றத்தில் வைத்தால் அவர் வயலில் வேலை செய்பவர் வாய் திறக்க மாட்டார். பாலர் பாடசாலை, பல்நோக்குக் கட்டடம், பொது மரநிழல் போன்றவை நல்லவை.

படி 3: மண்டபத்தில் இரண்டு நாள்

நான் ஏழு நாள் பயிற்சியை நினைத்து எழுதுகிறேன்: மண்டபத்தில் இரண்டு, கிராமத்தில் மூன்று, பகுத்துப் பார்க்க ஒன்று, கிராமத்துக்குத் திரும்பக் கொடுக்க ஒன்று. அத்தனை நாளுக்கு நிதி இல்லை என்றால் மண்டபத்தை அரை நாளாகக் குறையுங்கள், கிராமத்தைக் குறைக்காதீர்கள்.

மண்டபத்தில் கருவிகளைப் பட்டியல் போட்டு விளக்குவதைவிட நடத்தையைப் பழக்குவது முக்கியம். மூன்று பயிற்சிகளை நான் விடவே மாட்டேன்.

முதலாவது, கேள்வியைத் திருத்துவது. பயிலுநரில் பலர் படிவமும் டேப்லட்டும் பிடித்துப் பழகியவர்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் கேள்வி "குடிநீர்ப் பிரச்சினை இருக்கா?" என்பதாக இருக்கும். பதில் "ஓம்". அத்தோடு முடிந்தது. அதையே "நேற்று குடிக்கத் தண்ணி எங்க இருந்து எடுத்தீங்க? போன புரட்டாதியிலயும் அங்க இருந்துதானா? யார் போய் எடுத்தது?" என்று கேட்டால் கிணறு உப்பாகும் மாதம், தண்ணீர் தூக்கும் பிள்ளையின் பள்ளி வரவு, தண்ணீர் பவுசருக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். இருவர் இருவராக உட்கார வைத்து, மூடிய கேள்விகள் பத்தைத் திறந்த கேள்விகளாக மாற்றச் சொல்லுங்கள். "ஏன்" என்று நேரடியாகக் கேட்பதையும் குறைக்கச் சொல்லுங்கள். விசாரணை மாதிரி ஒலிக்கும். விசாரணைக்குப் பயந்து வாழ்ந்த ஊர்கள் இவை.

இரண்டாவது, கையைக் கட்டுவது. நான்கு பேர் கிராமத்தவராக நடித்துத் தரையில் தங்கள் சொந்த ஊரை வரைய வேண்டும். நடத்துபவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், வெண்கட்டியைத் தொடக்கூடாது, திருத்தக்கூடாது. ஐந்து நிமிடத்தில் பெரும்பாலானோருக்குக் கை பதறும். "கோவில் இந்தப் பக்கம்தானே" என்று வாய் முந்தும். அந்தப் பதற்றத்தைத் தாங்களே உணர வேண்டும்.

மூன்றாவது, எண்ணுவது. ஒருவர் மூலையில் இருந்து, நடத்துபவர் எத்தனை தடவை பேசினார், மற்ற ஒவ்வொருவரும் எத்தனை தடவை பேசினார்கள் என்று கோடு போட வேண்டும். அரை மணி நேரம் போதும். அந்தத் தாளைக் காட்டினால் போதும், விமர்சனம் சொல்லத் தேவையில்லை.

கூப்பிடும் விதத்தையும் பேசிக்கொள்ளுங்கள். களத்தில் "பயனாளிகள்" என்ற சொல் வேண்டாம். வயதானவரை ஐயா, அம்மா, மாமி, பெரியம்மா என்றோ, முஸ்லிம் ஊர்களில் காக்கா, ராத்தா, உம்மா என்றோ அந்த இடத்து வழக்கப்படி அழைக்கட்டும். தங்களை "சேர்", "மிஸ்" என்று அழைக்க விடாமல், தம்பி, தங்கச்சி, மகன், மகள் என்று அழைக்கச் சொல்லட்டும். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதில் பயிலுநர் உட்காரக்கூடாது. பாய் போட்டால் எல்லோரும் பாயில்.

படி 4: கருவிகள்

பயிற்சிக் கையேடுகளில் முப்பது கருவி வரை இருக்கும். முதல் பயிற்சிக்கு ஆறு போதும். அதிலும் சமூக வரைபடத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள்.

சமூக வரைபடத்தைத் தரையில் போடுங்கள், தாளில் வேண்டாம். தாளில் போட்டால் பேனா பிடிக்கத் தெரிந்தவர் கைக்குப் போய்விடும். மணலில் கோலமாவு, செங்கல் தூள், சாம்பல், இலை, கல், புளியங்கொட்டை எல்லாம் உதவும். தொடங்க ஒரு கேள்வி போதும்: "எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு இடத்தை முதல்ல வையுங்க, மறுகா அதில இருந்து போகலாம்." பிறகு வீதி, வீடுகள், கிணறுகள், குளம், வாய்க்கால், சேனை, மேய்ச்சல் தரை, யானை வரும் பாதை. வீடுகள் வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. எந்த வீட்டில் பெண் தனியாகக் குடும்பத்தைப் பார்க்கிறார், எங்கே மாற்றுத்திறனாளி இருக்கிறார், எங்கிருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று விதைகளால் குறிக்கலாம். பெயர் எழுத வேண்டாம், வீட்டு இலக்கம் போதும்.

ஆண்களும் பெண்களும் தனித்தனியாக வரையட்டும். ஒரே கிராமம் இரண்டு விதமாக வரும். ஆண்கள் வரைபடத்தில் வயற்கண்டமும் குளமும் பெரிய வீதியும் முன்னால் நிற்கும். பெண்கள் வரைபடத்தில் கிணறு, கடை, விறகு எடுக்கும் பற்றைக்காடு, கிளினிக், பிள்ளை பஸ் ஏறும் இடம், இரவில் போகப் பயமான ஒழுங்கை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது எதில் இல்லை என்று கிராமத்தவரையே பார்க்கச் சொல்லுங்கள். பயிலுநர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் தடுங்கள்.

முடிந்ததும் கிராமத்து இளைஞர் ஒருவர் அதைப் பெரிய தாளில் பெயர்த்து வரையட்டும். அந்தத் தாள் கிராமத்துக்கு. நமக்கு அனுமதியோடு எடுத்த படம் போதும்.

குறுக்கு நடைக்கு மட்டக்களப்பைப்போல் தோதான நிலம் குறைவு. எழுவான்கரையில் கடற்கரையிலிருந்து வாவி வரை ஒரு காலையில் நடந்துவிடலாம். கடல், மணல்மேடு, தென்னை, குடியிருப்பு, பெரிய வீதி, தாழ்நிலம், கண்டல், வாவி. ஒவ்வொரு வலயத்திலும் நின்று மண், தண்ணீர், மரம், யார் நிலம், முன்பு எப்படி இருந்தது, இப்போது என்ன சிக்கல் என்று கூட வருபவரிடம் கேட்க வேண்டும். முதியவர் ஒருவர், மீனவர் ஒருவர், வீட்டுத்தோட்டம் செய்யும் பெண் ஒருவர் கூட வந்தால் பேச்சு தானாக நடக்கும். வயிற்றுக்குச் சாப்பிடும் கீரையைக் காட்டுவதும், வெள்ளம் எந்த மரத்தடி வரை வந்தது என்று தொட்டுக் காட்டுவதும் மண்டபத்தில் நடக்காது. படுவான்கரையில் காட்டோரமாகப் போகும் நடையைக் காலை எட்டு மணிக்குப் பிறகு தொடங்கி மாலைக்கு முன் முடியுங்கள். யானை விஷயத்தில் ஊரார் சொல்லே சட்டம்.

பருவகால நாட்காட்டியை ஜனவரி, பெப்ரவரி என்று தொடங்க வேண்டாம். வயற்காரருக்குச் சித்திரை, வைகாசிதான் கைக்கு வரும். மழை, வேலை, கூலி, கடன், நோய், உணவுத் தட்டுப்பாடு என்று ஒவ்வொரு வரிசையிலும் மாதத்துக்கு விதை வைக்கச் சொல்லுங்கள். கடன் கூடும் மாதமும் நெல் விலை விழும் மாதமும் எப்படி அருகருகே வருகின்றன என்பதை அவர்களே விரலால் காட்டுவார்கள். அளவையும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். மூடை, மரைக்கால், அவணம் என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள், கிலோவுக்கு மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம். நோன்பு, பெருநாள் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வருவதால் முஸ்லிம் கிராமங்களில் அதற்குத் தனி வரிசை போட்டு, அந்த வருடத்துக்கென்று குறிக்க வேண்டும்.

சோடி ஒப்பீடு பிரச்சினைகளை வரிசைப்படுத்த. ஒவ்வொரு பிரச்சினையையும் மற்றொவ்வொன்றோடு ஒப்பிட வேண்டும். ஆறு பிரச்சினை என்றால் 15 ஒப்பீடு, பத்து என்றால் 45. சனம் களைத்துவிடும், ஆறோடு நிறுத்துங்கள். வெற்றி பெற்ற எண்ணைவிட "இது ஏன் அதைவிடப் பெரிசு?" என்ற வாக்குவாதத்தைக் குறிப்பெடுப்பவர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பெறுமதி அங்கேதான் இருக்கிறது.

நிறுவன வரைபடம் என்பது வட்டமாக வெட்டிய தாள்களைக் கிராமத்தைச் சுற்றி வைப்பது. பெரிய வட்டம் முக்கியமானது, அருகில் வைத்தால் நெருக்கமானது. பிரதேச செயலகம், கமநல சேவைகள் நிலையம், வைத்தியசாலை, கோவில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம், மரண உதவிச் சங்கம், வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டை விதானை, சீட்டுப் பிடிக்கும் அக்கா, நுண்கடன் கம்பனி எல்லாம் வரும். பெரிய அலுவலகம் தூரத்திலும் சீட்டுப் பிடிக்கும் அக்கா நெருங்கியும் இருப்பதைப் பார்க்கும் பயிலுநருக்கு, அவசரத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று விளங்கும்.

நல்வாழ்வுத் தரப்படுத்தல்தான் ஆறில் கடினமானது. எந்தக் குடும்பம் வசதி, எது இடைநடு, எது கஷ்டம் என்று கிராமத்தவரே பிரிப்பது. இதைப் பொதுக்கூட்டத்தில் செய்யவே கூடாது. 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு வந்தபோது பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று எழுந்த மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை. நீங்கள் குடும்பங்களைப் பிரிக்கிறீர்கள் என்று தெரிந்தால் அது இன்னொரு பட்டியல் என்றே சனம் நினைக்கும். முதல் வசனத்திலேயே "இதனால ஒருத்தருக்கும் கொடுப்பனவு கூடப்போறதுமில்ல, குறையப்போறதுமில்ல" என்று சொல்ல வேண்டும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். வீட்டு இலக்கம் மட்டும் எழுதிய அட்டைகளைக் கொண்டு, ஊரை நன்றாகத் தெரிந்த மூன்று பேரோடு தனித்தனியாகச் செய்து, மூன்றையும் ஒப்பிடுங்கள். வேலை முடிந்ததும் அட்டைகளை அழித்துவிடுங்கள். எந்த வீடு எந்தக் குவியலில் என்பதைவிட, பிரிக்க அவர்கள் எடுத்த அளவுகோல்தான் நமக்கு வேண்டும்.

அந்த அளவுகோலில் ஒரு விஷயத்தை இங்கே தனியாகப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழி மரபு இருக்கிறது. வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். திருமணமான பிறகு கணவன் மனைவி வீட்டுக்கு வருவான். இதைக் கவனிக்காமல் "குடும்பத் தலைவர்" என்று படிவத்தில் ஒரு பெட்டி வைத்ததால், சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் பெண்ணின் காணியில் இருந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு ஆணின் பெயருக்குப் போனது. ஒரு பெட்டி செய்த வேலை அது. சொத்து யார் பெயரில், அதை ஈடு வைக்க யார் முடிவு செய்வது என்று பயிலுநர் இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும்.

படி 5: கிராமத்தில் மூன்று நாள்

ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் நடத்துவார், ஒருவர் குறிப்பெடுப்பார், ஒருவர் அவதானிப்பார், ஒருவர் ஓரத்தில் நிற்பவரோடும் பிள்ளைகளோடும் பேசுவார். தினமும் பொறுப்பு மாற வேண்டும். நடத்துவதில் கெட்டிக்காரராக இருப்பவரையே மூன்று நாளும் நடத்த விட்டால் மற்ற மூவருக்கும் பயிற்சி இல்லை. ஓரத்தில் நிற்பவரோடு பேசும் பொறுப்பைச் சின்ன வேலையாக நினைக்க விடாதீர்கள். கூட்டத்துக்கு வந்தும் உட்காராமல் வேலியோரம் நிற்கும் பெண்ணிடம்தான் பல நேரம் கேட்க வேண்டியது இருக்கும்.

குறிப்பேட்டை மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: அவர்கள் சொன்னது, நான் பார்த்தது, நான் நினைப்பது. சொன்னதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுத வேண்டும். "நீர்ப்பாசன வசதியின்மை" என்று எழுதினால் அடித்துவிட்டு, "கடைசிக் கண்டத்துக்குத் தண்ணி வாறதுக்குள்ள பயிர் கருகிரும்" என்று அந்த மனிதர் சொன்னதை எழுதச் சொல்லுங்கள்.

ஒரு அமர்வு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தேநீரும் சிற்றுண்டியும் கட்டாயம், முடிந்தால் அந்த ஊர் மாதர் சங்கத்திடமே சமைக்கக் கொடுங்கள். வந்து உட்கார்ந்ததற்குக் காசு கொடுப்பதை நான் ஏற்கவில்லை. அது அடுத்த முறை யார் வருவது என்பதையே மாற்றிவிடும். அதற்கு ஈடாக, ஒருவருடைய நாட்கூலி கெடாத நேரத்தைத் தெரிவு செய்வது நம் கடமை.

ஒவ்வொரு நாள் முடிவிலும், இருட்டுவதற்கு முன், அதே கிராமத்தில் ஒரு மணி நேர மீட்டல். இன்று யார் வரவில்லை? யார் வந்தும் பேசவில்லை? எந்த இடத்தில் நாம் பேச்சைத் திருப்பினோம்? எது ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை? கடைசிக் கேள்வியில் நேரம் எடுங்கள். ஒத்துப்போகாத தகவலைப் பிழை என்று தள்ளிவிடுவது புதியவர்களின் வழக்கம். வாவியை நம்பிய ஊரில் வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டுவதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வெள்ளத்தில் வயல் மூழ்கிக் கிடப்பவருக்கும் வாவியில் வலை போடுபவருக்கும் ஒரே பதில் இருக்காது. இரண்டு பேரும் தங்கள் இடத்திலிருந்து சரியாகவே சொல்கிறார்கள். இரண்டையும் எழுதி, மூன்றாவது வழியாக நேரில் பார்த்தோ பழைய பதிவைத் தேடியோ சரிபார்க்க வேண்டும். ஒரு தகவலை மூன்று வழியில் பார்ப்பது இந்த முறையின் முதுகெலும்பு.

படி 6: கேட்கக் கூடாதவை

காலக்கோட்டை ஆறு கருவியில் நான் சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான். ஊரின் நிகழ்வுகளை வரிசையாக வைக்கச் சொன்னால் 1957 வெள்ளமும் 1978 நவம்பர் சூறாவளியும் ஆர்வமாக வரும். அதன் பிறகு, போரில் பலர் கொல்லப்பட்ட, காணாமல் போன 1990 வரும். அப்போது அந்த வட்டத்தில் இருக்கும் ஒருவர் எழுந்து போகலாம், ஒருவர் அழலாம், ஒருவர் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டு இரவு முழுவதும் பயந்து கிடக்கலாம். யார் காணாமல் போனார், யார் எந்தப் பக்கம் இருந்தார் என்ற பேச்சைத் திறக்கும் உரிமை பயிற்சிக்கு வந்த ஒருவருக்கு இல்லை. அனுபவமுள்ளவர்கள், தேவைப்பட்டால் உளநல ஆதரவுக்கு யாரிடம் அனுப்புவது என்று தெரிந்தவர்கள், பின்னாளில் காலக்கோட்டைச் செய்யலாம். அப்போதும் ஊரார் தாங்களாக வைத்தால் வைக்கட்டும், தூண்டக்கூடாது.

தானாக வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் இந்தப் பயிற்சியிலேயே பழக்க வேண்டும். எழுதுவதை நிறுத்துங்கள். பேனாவைக் கீழே வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். பேச விரும்புபவர் பேசி முடியும் வரை இருங்கள். அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். அன்றைய கருவி முடியாமல் போனால் போகட்டும்.

படம் எடுக்க முன் கேட்க வேண்டும், ஒலிப்பதிவு வேண்டாம். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பக்கத்தில் இருந்து காணி, மேய்ச்சல், தண்ணீர் பற்றிப் பிணக்கு இருந்தால் ஓர் ஊரார் மற்ற ஊரைப் பற்றிச் சொன்னதை அங்கே கொண்டுபோய்ச் சொல்லக்கூடாது. பயிலுநரின் முகநூல் பக்கத்துக்கும் இதே விதிதான்.

படி 7: பகுத்துப் பார்த்தலும் திரும்பக் கொடுத்தலும்

ஆறாவது நாள் மண்டபத்தில். பயிலுநர்கள் எல்லாக் குறிப்புகளையும் சிறு தாள்களாகக் கிழித்து, ஒன்றோடொன்று சேர்வதைக் குவித்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஊரார் சொன்ன ஒரு வசனத்தையே பெயராக வைக்கட்டும். கிராமத்திலிருந்து வந்த மூன்று பயிலுநரும் இந்த மேசையில் இருக்க வேண்டும். "அது அப்படி இல்ல, அந்தக் கிணறு பொதுக் கிணறுதான், பூட்டினது போன வருசம்" என்று அவர்கள் திருத்தும்போதுதான் குவியல்கள் உருப்படும். முடிவாக எழுதுவதற்கு நான்கு பக்கம் போதும்.

ஏழாவது நாள் கிராமத்தில், பின்னேரம். தங்கள் வரைபடத்தை ஊராரே விளக்கட்டும். மாதர் சங்கத் தலைவியோ, பெண்கள் வரைபடம் கீறிய பெண் ஒருவரோ முதலில் பேசட்டும், ஜீ.எஸ். பிறகு பேசட்டும். நாம் எழுதியதை வாசித்துக் காட்டி, பிழை இருந்தால் அந்த இடத்திலேயே திருத்த வேண்டும். சிலது வேண்டாம், வெளியே போகக்கூடாது என்றால் அங்கேயே அடித்துவிட வேண்டும். "இதில எதை நீங்களாவே செய்யலாம், எதுக்குப் பிரதேச செயலகத்திட்ட போகணும், எதுக்கு எங்கட நிறுவனம் வரலாம், எதுக்கு வர ஏலாது" என்று நான்காகப் பிரித்து முடியுங்கள். கடைசிப் பகுதியைக் கூச்சப்படாமல் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏலாததை ஏலும் என்று சொன்ன வாய்கள் இந்தக் கரையில் அதிகம். வரைபடம், நாட்காட்டி, வரிசைப்படுத்திய தாள்கள் எல்லாம் சங்கத்தின் அலுமாரிக்குப் போகும். நான்கு பக்க அறிக்கையின் தமிழ்ப் பிரதியும் அங்கேயே.

படி 8: பயிலுநரை மதிப்பிடுதல்

எழுத்துப் பரீட்சை வேண்டாம். மூன்று தாள்களைப் பாருங்கள்: யார் எத்தனை தடவை பேசினார் என்று கோடு போட்ட தாள், மூன்று பத்திக் குறிப்பேடு, ஒவ்வொரு நாளும் வராதவர் பட்டியல். முதல் நாள் நடத்துபவர் அதிகம் பேசி, மூன்றாம் நாள் ஊரார் அதிகம் பேசியிருந்தால் அந்தப் பயிலுநர் முன்னேறியிருக்கிறார். "சொன்னது" பத்தியில் ஊராரின் வாய்ச்சொல்லும் "நான் நினைப்பது" பத்தியில் தயக்கமும் இருந்தால் நல்லது. வராதவர் பட்டியல் வெறுமையாக இருந்தால் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எல்லாரும் வந்த கூட்டம் எந்தக் கிராமத்திலும் நடப்பதில்லை.

கடைசிப் படியைப் பெரும்பாலான பயிற்சிகள் செலவுத் திட்டத்திலேயே மறந்துவிடுகின்றன. பயிற்சி முடிந்து மூன்று மாதத்துக்கு, மாதம் ஒரு நாளாவது வளவாளர் ஒருவர் பயிலுநரோடு அவருடைய சொந்த வேலைக் கிராமத்துக்குப் போக வேண்டும். மேற்பார்வைக்காக அல்ல, ஓரத்தில் உட்கார்ந்து கோடு போடுவதற்காக. அலுவலகத்துக்குத் திரும்பியதும் படிவமும் காலக்கெடுவும் அவர்களை மீண்டும் இழுக்கும். அவர்களின் மேலதிகாரியோடும் ஒரு மணி நேரம் பேசி, களத்தில் இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பதும் வேலைதான் என்று ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். மூன்றாவது மாதம் பயிற்சிக் கிராமத்துக்கும் ஒரு தடவை போங்கள். சங்கத்தின் அலுமாரியைத் திறந்து வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். யாராவது அதில் புதிதாக ஒரு வீட்டையோ கிணற்றையோ தாங்களாகக் குறித்திருக்கிறார்களா, பிரதேச செயலகக் கூட்டத்துக்கு அதை எடுத்துப் போனார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கிராமத்திலிருந்து வந்த மூன்று பயிலுநரோடு உட்கார்ந்து, அடுத்த சங்கக் கூட்டத்தில் அதை விரிப்பதற்கு ஒரு திகதி குறித்துவிட்டு வாருங்கள்.